பால் உறைய வைக்கும் அமிலமும் அதன் அபாய வகுப்பும்



மலாக்கா மாநிலத்தில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் லூபோக் சீனா. அங்கிருந்து மஸ்ஜிட் தானா, அலோர்காஜா வரை செல்லும் சாலையின் இருமருங்கிலும் பால்மரத்தோடு வாழ்ந்த குடும்பங்கள் பல. அந்தக் குடும்பங்களில் ஒரு பொருளைத் தெரியாதவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். மங்கில் சேர்ந்த பாலை உறைய வைப்பதற்காக ஊற்றும் அமிலம்தான் அது. மலாய் மொழியில் அதற்குச் 'சுக்கா கெத்தா' என்று பெயர். ரப்பருக்கான வினிகர் என்பது பொருள். நம்மவர்கள் இன்னும் சுருக்கி, 'சுக்கா' என்று சொல்லிவிடுவார்கள். சிலர் 'ஆசிட்' என்பார்கள்.

சுக்கா என்றால் சமையலறையில் ஊறுகாய்க்கு ஊற்றுவதும் சுக்காதான். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. இந்த நம்பிக்கைதான் ஆபத்து. ஒரு பொருளை வீட்டில் எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பது வேறு. அது எந்த அபாய வகுப்பைச் சேர்ந்தது என்பது வேறு. ஒரு தொழிற்சாலை இரசாயனத்தின் அபாயத்தை எப்படி வகுக்கிறார்கள் என்பதை, நாம் கையால் தொட்டுப் பழகிய இந்த ஒரு பொருளை வைத்தே இன்று பார்ப்போம்.

இதன் அறிவியல் பெயர் ஃபார்மிக் அமிலம். 'ஃபார்மிக்கா' என்றால் இலத்தீன் மொழியில் எறும்பு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இயற்கை அறிஞர் ஜான் ரே, எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு நம்மைக் கடித்துவிட்டு வயிற்றை வளைத்து ஒரு நீரைப் பீய்ச்சுகிறதே, அந்த எரிச்சலுக்குக் காரணம் இதே அமிலம்தான். எறும்பு தருவது ஒரு துளியிலும் சிறு துளி. கடையில் வாங்கும் கேனில் இருப்பதோ லிட்டர் கணக்கில்.

ரப்பருக்கும் இதற்கும் உள்ள உறவை இரண்டு சொற்களில் சொல்லிவிடலாம். மரத்துப் பாலில் ரப்பர் துகள்கள் தனித்தனியே மிதக்கின்றன. ஒவ்வொரு துகளையும் சுற்றி எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஒட்டாமல் நிற்கின்றன. அமிலம் சேர்ந்ததும் அந்த மின்னூட்டம் தணிகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் கட்டியாகிறது. உலர்த்தும்போது ஃபார்மிக் அமிலம் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். ரப்பரின் தரம் கெடுவதில்லை. 1896ஆம் ஆண்டில் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் ரப்பர் நட்டார். ரப்பரோடு அமிலமும் நம் வாழ்வில் கலந்தது. எனவே இதை ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. தொழிலுக்கு வேண்டிய பொருள்தான். அது இன்னதென்று அறிந்து கையாள வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் அதன் வலுவைப் பார்ப்போம். சமையல் வினிகரில் அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்குதான். மற்றதெல்லாம் தண்ணீர். ரப்பருக்கென விற்கும் ஃபார்மிக் அமிலம் பொதுவாக நூற்றுக்கு 85 முதல் 94 பங்கு வரை செறிவுள்ளது. இவை தவிர, சம அளவில் எடுத்துக்கொண்டாலும் ஃபார்மிக் அமிலம் அசிட்டிக் அமிலத்தைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு வலிய அமிலம். இப்போது சொல்லுங்கள், இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்துமா?

சரி, அபாயத்தை வகுப்பது எப்படி? வல்லுநர்கள் ஒரு பொருளிடம் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். அது எந்த வகையில் கெடுதல் செய்யும்? எவ்வளவு கடுமையாகச் செய்யும்? எந்தச் செறிவில் செய்யும்? இந்த மூன்றையும் வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

முதற்கேள்வி, எந்த வகை என்பது. கெடுதலை மூன்று பெரும் பிரிவுகளாக்கியிருக்கிறார்கள். தீப்பிடித்தல், வெடித்தல், உலோகத்தை அரித்தல் போன்றவை முதற் பிரிவு. மனித உடலுக்கு வரும் கேடு இரண்டாம் பிரிவு. நீர்நிலை முதலிய சுற்றுச்சூழலுக்கு வரும் கேடு மூன்றாம் பிரிவு.

நம் அமிலத்தை முதற் பிரிவில் வைத்துப் பார்த்தால், செறிவு மிக்க ஃபார்மிக் அமிலம் தீப்பற்றக்கூடியது. நம்மூர்ச் சாதாரண வெப்பத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாது. ஆனால் சூடேறினால் எழும் ஆவி, தீப்பொறி பட்டதும் பிடித்துக்கொள்ளும். கொட்டகையில் ரப்பர் தாளைப் புகை போட்டு உலர்த்தும் அடுப்புக்குப் பக்கத்தில் கேனை வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டாம் பிரிவில், தோலையும் கண்ணையும் அரித்துப் புண்ணாக்கும். ஆவியை முகர்ந்தால் மூக்கும் தொண்டையும் நெஞ்சும் எரியும். விழுங்கினால் உட்புறம் வெந்துபோகும். வேலையிடக் காற்றில் இதன் ஆவிக்குப் பல நாடுகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட எட்டு மணி நேரச் சராசரி எல்லை, பத்து லட்சம் பங்கு காற்றுக்கு 5 பங்கு மட்டுமே. மூன்றாம் பிரிவில், இது மண்ணிலும் நீரிலும் நுண்ணுயிர்களால் சிதைந்துபோகும் பொருள். ஆண்டுக்கணக்கில் தங்கி நஞ்சாவதில்லை. அதற்காகக் கேனை ஓடையில் கழுவலாம் என்று எண்ணிவிடக் கூடாது. சிதையும் முன்னே நீர் புளித்து மீன் செத்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். ஃபார்மிக் அமிலம் என்பது ஒன்று. ஃபார்மலின் என்பது இன்னொன்று. பெயர் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் முடிவு செய்தது. ஃபார்மிக் அமிலம் அந்த வகுப்பில் இல்லை. ஒன்று ஆண்டுகள் கழித்து வட்டி கேட்கும் கடன்காரன்; மற்றது கை பட்ட அந்த நிமிடமே அடிக்கும் முரடன். இருவரிடமும் எச்சரிக்கை வேண்டும். ஆனால் எச்சரிக்கையின் விதம் வேறு. வகுத்துப் பார்ப்பதன் பயன் இதுதான்.

இரண்டாம் கேள்வி, எவ்வளவு கடுமை என்பது. இதற்கு எண் கொடுக்கிறார்கள். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பள்ளியில் 90 மதிப்பெண் 10ஐவிடப் பெரிது. அபாய வகுப்பிலோ தலைகீழ். எண் சிறிதானால் ஆபத்து பெரிது. முதல் வகுப்பு என்றால் மிகக் கடுமையானது. 'ஒன்றாம் நம்பர்தானே போட்டிருக்கிறது, குறைவாகத்தான் இருக்கும்' என்று எண்ணி அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

தோலை அரிக்கும் பொருள்களின் முதல் வகுப்பையே மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பொருள் தோலில் பட்டு 3 நிமிடத்துக்குள் தசையை அழித்தால் அது 1ஏ. 3 நிமிடத்துக்கு மேல் 1 மணி நேரத்துக்குள் என்றால் 1பி. 1 மணிக்கு மேல் 4 மணிக்குள் என்றால் 1சி. இந்த நேரக் கணக்கு ஆய்வுக்கூடத்தாருக்கு மட்டும் உரியதன்று. மரத்தடியில் நிற்கும் உங்களுக்கும் அது ஒரு செய்தி சொல்கிறது. அமிலம் காலில் கொட்டிவிட்டது; தண்ணீர்க் குழாய் கொட்டகையில் இருக்கிறது; கொட்டகைக்கு நடக்க ஐந்து நிமிடம் ஆகும். அப்படியானால் 3 நிமிடம் என்ற எல்லை வழியிலேயே கடந்துவிட்டது. ஆகவே அமிலம் எங்கே போகிறதோ, கழுவுவதற்கு நல்ல தண்ணீரும் அங்கே போக வேண்டும்.

மூன்றாம் கேள்வி, எந்தச் செறிவு என்பது. பொருள் ஒன்றுதான், செறிவு மாறினால் வகுப்பும் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் ஃபார்மிக் அமிலத்துக்கு இப்படி வரம்பு கட்டியிருக்கிறார்கள். 90 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் 1ஏ. 10 முதல் 90க்குள் என்றால் 1பி. 2 முதல் 10க்குள் என்றால் அரிப்பு வகுப்பு நீங்கி, தோலுக்கும் கண்ணுக்கும் எரிச்சல் தரும் பொருள் என்ற வகுப்பு. சரக்கு ஏற்றிச் செல்லும் விதிகளிலும் இதே போக்குத்தான். 85 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அமிலத்தை அரிக்கும் பொருள் என்பதோடு தீப்பற்றும் பொருள் என்றும் சேர்த்து அடையாளமிட வேண்டும். அதற்குக் கீழே அரிக்கும் பொருள் என்ற அடையாளம் மட்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 விழுக்காட்டு அமிலம் 1 கிலோ எடுத்து 8 லிட்டர் தண்ணீரில் சேர்த்தால் 10 விழுக்காடு. அது இன்னும் அரிக்கும் வகுப்பில்தான் நிற்கிறது. 44 லிட்டரில் சேர்த்தால் 2 விழுக்காடு. இப்போதுதான் அது எரிச்சல் வகுப்பின் கீழ் எல்லைக்கு வருகிறது. இது வகுப்பை விளக்குவதற்காகச் சொன்ன கணக்கு. பாலுக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதை லெம்பாகா கெத்தா மலேசியாவின் அறிவுரைப்படி செய்யுங்கள். கலக்கும்போது ஒரு விதி மறக்கக் கூடாது. தண்ணீரை முதலில் வாளியில் எடுத்துக்கொண்டு, அமிலத்தைச் சிறிது சிறிதாக அதில் ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் சூடு எழுந்து முகத்தில் தெறிக்கும்.

ஆகவே அதிக ஆபத்தான நேரம் எது? மங்கில் பால் உறையும் நேரமன்று. கேனைத் திறந்து, கலக்குவதற்காக ஊற்றும் அந்தச் சில நிமிடங்கள்தான். கண்ணாடி, கையுறை, பூட்ஸ் ஆகியவற்றை நாள் முழுவதும் அணிய முடியவில்லை என்றாலும், அந்த நிமிடங்களில் அவசியம் அணிந்துகொள்ளுங்கள். குறிப்பாகக் கண். கை வெந்தால் தழும்போடு ஆறலாம். கண்ணின் கருவிழி வெந்தால் பார்வையே போய்விடலாம்.

இப்போது வகுப்புக்கும் நடைமுறைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அபாயம் என்பது பொருளிலேயே இருக்கும் இயல்பு. அந்த அபாயம் நமக்கு நேருமா என்பது நாம் அதை வைத்திருக்கும் விதத்தைப் பொறுத்தது. கூண்டில் இருந்தாலும் புலி புலிதான். கதவு திறந்திருந்தால்தான் நமக்கு ஆபத்து. அமிலத்துக்குக் கூண்டு எது? அதன் சொந்தக் கேன், மூடி, அதன்மேல் ஒட்டிய லேபிள். இவற்றிலிருந்து அதை வெளியே எடுக்கும்போது கதவைத் திறந்துவிடுகிறோம்.

ஒரு சிறுதோட்டக்காரர் வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெரிய கேனைத் தோட்டத்துக்குத் தூக்கிச் செல்வது சிரமம். குடிதண்ணீர் போத்தல் ஒன்று காலியாகக் கிடக்கிறது. அதில் கொஞ்சம் ஊற்றிச் சமையலறை மூலையில் வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த கொழுந்தன் கேட்கிறான்:

"அண்ணி, இந்தப் போத்தல்ல இருக்கிறது தண்ணியா?"

"ஐயோ, அதைத் தொடாதீங்க தம்பி. அது பாலுக்கு ஊத்துற சுக்கா."

அண்ணி அங்கே இருந்தாள், சொன்னாள், தம்பி பிழைத்தான். அண்ணி கடைத்தெருவுக்குப் போயிருந்தால்? அமிலமும் நிறமற்றது; தண்ணீரும் நிறமற்றது. ஆய்வுக்கூடங்களில் கண்டறிந்து, அரசாங்கங்கள் சட்டமாக்கி, லேபிளில் அச்சிட்ட வகுப்பெல்லாம் அந்தப் போத்தலில் இல்லை. அண்ணியின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. ஒருவர் நினைவை நம்பி ஒரு குடும்பத்தின் உயிரை வைக்கலாமா?

விழுங்கினால் வாயும் தொண்டையும் வேகும் என்பதோடு கேடு முடிவதில்லை. இந்த அமிலம் இரத்தத்தில் கலந்தால் உடலின் அணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் ஆற்றலைத் தடுக்கிறது, இரத்தம் புளிக்கிறது, சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. இதற்கு நம் நாடு அறிந்த ஒரு சாட்சி உண்டு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். மெத்தனால் உடலுக்குள் போனதும் படிப்படியாக மாறி ஃபார்மிக் அமிலமாகிறது. அவ்வாறு குடித்தவர்களின் கண்பார்வையைக் கெடுப்பதும், உயிரைப் பறிப்பதும் பெரும்பாலும் அந்த அமிலமே.

சேர்த்து வைக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபார்மிக் அமிலத்தோடு அடர்ந்த கந்தக அமிலம் கலந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வெளிப்படும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை; மூக்கு நமக்கு எச்சரிக்கை தராது. விலை மலிவென்று கந்தக அமிலத்தால் பாலை உறைய வைப்பவர்கள், இரண்டையும் ஒரே கொட்டகையில் வைக்கவே கூடாது. துணி வெளுக்கும் நீரோடு கலந்தால் குளோரின் வாயு எழும். பால் உறையாமல் காக்கும் அம்மோனியாவோடு சேர்ந்தால் கடும் சூடு பிறக்கும். மேலும், செறிந்த ஃபார்மிக் அமிலம் நாள்பட இருந்தால் தானே மெல்லச் சிதைந்து வாயுவை விடும். வெயிலில் கிடக்கும் இறுக மூடிய கேன் உப்பிப்போவது இதனால்தான். அமிலக் கேனுக்கு நிழலும் காற்றோட்டமும் வேண்டும். அதற்கென்று செய்த மூடியை மாற்றக் கூடாது. திறக்கும்போது முகத்தை விலக்கி மெதுவாகத் திறக்க வேண்டும்.

இனி லேபிளுக்கு வருவோம். முன்பெல்லாம் ஒரு நாட்டில் நஞ்சு என்று குறித்ததை இன்னொரு நாட்டில் தீங்கு என்று மட்டும் குறித்தார்கள். 1992இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பூமி உச்சி மாநாட்டில், இரசாயனங்களை வகுக்கவும் லேபிளிடவும் உலகுக்கெல்லாம் ஒரே முறை வேண்டும் என்று முடிவாயிற்று. அதன்படி ஐக்கிய நாடுகள் நிறுவனத்தில் உருவான ஒருங்கிணைந்த முறை 2003இல் நூலாக வெளிவந்தது. மலேசியாவில் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ், 2013இல் இதற்கென விதிமுறைகள் வந்தன.

அந்த லேபிளில் எழுத்து மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும்; தமிழில் இராது. ஆனால் படம் எல்லா மொழிக்கும் பொது. சிவப்புக் கட்டமிட்ட சாய்சதுரத்துக்குள் கறுப்புப் படம். மொத்தம் ஒன்பது படங்கள். இரண்டு குழாய்களிலிருந்து சொட்டும் நீர் கையையும் உலோகத்தையும் தின்பதுபோல் இருந்தால், அரிக்கும் பொருள். நம் அமிலத்தின் முதல் அடையாளம் அதுதான். தீச்சுடர் இருந்தால் தீப்பற்றும் பொருள். மண்டையோடு இருந்தால் சிறிதளவே உள்ளே போனாலும் கடும் நஞ்சு. வியப்புக்குறி மட்டும் இருந்தால் எரிச்சல் முதலிய குறைந்த கடுமை. படத்தோடு ஒரு சொல்லும் இருக்கும். 'பஹாயா' என்றால் கடுமை மிகுதி. 'அமாரான்' என்றால் அதற்கு அடுத்த நிலை. இந்த இரண்டு சொல்லையும் நாலைந்து படத்தையும் தெரிந்துகொள்ள ஒரு மாலைப் பொழுது போதும்.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களை அழைத்து லேபிளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தாத்தாவுக்குத் தொழில் தெரியும். பேரனுக்கு எழுத்து தெரியும். இருவரும் சேர்ந்தால் வீட்டுக்குக் காவல். வேலையிடத்துக்கு இரசாயனம் வழங்குபவர் அதன் பாதுகாப்புத் தரவுத்தாளையும் தர வேண்டும். மலாயில் 'ஹெலாயான் டத்தா கெசெலாமாத்தான்' என்று பெயர். அதில் 16 பகுதிகள் உண்டு. எல்லாவற்றையும் படிக்க இயலாவிட்டாலும், இரண்டாம் பகுதியில் அபாய வகுப்பும் நான்காம் பகுதியில் முதலுதவியும் இருக்கும். அவற்றையாவது படித்துக்கொள்ளுங்கள்.

முதலுதவியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணில் பட்டால், இமையைத் திறந்து பிடித்து, ஓடும் நல்ல தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள், பிறகு மருத்துவமனை. தோலில் பட்டால், நனைந்த துணியை உடனே களைந்துவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். எண்ணெய், மஞ்சள், பற்பசை எதையும் பூசாதீர்கள். ஆவியை முகர்ந்து மூச்சுத் திணறினால், நல்ல காற்றுள்ள இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. போகும்போது வெந்த தொண்டை, வரும்போது மறுபடியும் வேகும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 999ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தக் கேனின் லேபிளையோ அதன் கைப்பேசிப் படத்தையோ கொண்டுபோங்கள். 'சுக்கா குடித்துவிட்டான்' என்று மட்டும் சொன்னால், மருத்துவர் எந்தச் சுக்கா என்று தேடிக்கொண்டிருப்பார். 'ஃபார்மிக் அமிலம், இத்தனை விழுக்காடு' என்று சொன்னால் அக்கணமே வைத்தியம் தொடங்கும்.

நேயர்களே, இன்று பலர் தோட்டங்களை விட்டுப் பட்டணம் போய்விட்டார்கள். பால்மரத்தின் இடத்தில் செம்பனையும் வீடுகளும் வந்துவிட்டன. ஆனால் தொழிற்சாலையிலும், வாகனப் பட்டறையிலும், துப்புரவுப் பணியிலும், நம் பிள்ளைகள் வேறு வேறு கேன்களைத் திறக்கிறார்கள். பொருள் மாறினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் அவையே: என்ன வகை? எவ்வளவு கடுமை? எந்தச் செறிவு?

இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டையும் கொட்டகையையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பெயரில்லாத போத்தல் ஏதேனும் இருந்தால், அதில் என்ன இருக்கிறதென்று தெரிந்தால் அதன் சொந்தக் கேனுக்கு மாற்றுங்கள். தெரியாவிட்டால் முகர்ந்தும் பார்க்க வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் தனியே வைத்து, 'தொடாதே' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு, அதை அப்புறப்படுத்தும் வழியை விவரம் அறிந்தவரிடம் கேளுங்கள். இனி எந்த இரசாயனத்தையும் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றுவதில்லை என்று வீட்டில் எல்லோருமாக ஒரு முடிவு செய்துகொள்ளுங்கள்.